1969 ஷெவெல் 396-க்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். 1969 ஷெவெல் எஸ்எஸ் 396 வைத்திருக்கிறேன். 325 குதிரைத்திறன் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், கேம் ஷாஃப்ட் மாற்றப்படவில்லை. பிளக்குகளுக்கு நெருப்புப் பொறியைப் பங்கிடும் கருவி, தொட்டுப் பிரியும் பாயிண்ட் வைத்த கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர்தான் இன்னும் இருக்கிறது. ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் ஆடுகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடேறுகிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம்) கேட்கிறது. ஒரு மெக்கானிக் எச்இஐ, அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், போடச் சொல்கிறார். நண்பர் ஒருவர் எம்எஸ்டி கம்பெனியின் டிஸ்ட்ரிபியூட்டரும் 6ஏஎல் என்ற தனி இக்னிஷன் பெட்டியும் வாங்கச் சொல்கிறார். பழையதிலேயே பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாடியூல் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஓட்டுவதற்கான வண்டி, ரேஸ் ஓட்டுவதில்லை. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் வண்டிக்கு நான் சொல்வது சின்ன மூடி உள்ள, மாடியூல் உள்ளேயே அடங்கிய, வேக்யூம் அட்வான்ஸ் கேன் (எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்னதாக விழவைக்கும் டப்பா) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். எம்எஸ்டியில் இதை 'ரெடி டு ரன்' என்று விற்கிறார்கள். ஷெவர்லே வி8-க்கான எண் 8360. தனிப் பெட்டி வேண்டாம். கழற்றும் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பொறித்திருக்கும் பார்ட் எண்ணும் தேதிக் குறியீடும் வண்டியோடு பொருந்தினால் வண்டியின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு. எண்ணெய் தடவிப் பத்திரமாக எடுத்து வையுங்கள், விற்கும்போது வண்டியோடு கொடுக்கலாம்.

எந்தப் பெயர் பொறித்ததை வாங்கினாலும், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூட்டினால் உங்கள் இரண்டு தொல்லைகளில் ஒன்றுகூடத் தீராமல் போகலாம். விளம்பரங்களில் 40,000 வோல்ட், 50,000 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அவ்வளவுதான் காயில் ஏறும். ஒழுங்காக இருக்கும் சாலை எஞ்சினுக்கு அந்த எண்ணில் பாதிகூடத் தேவைப்படாது. வண்டி எப்படி ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது நெருப்புப் பொறி எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான். ஆகவே எந்த டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் எத்தனை டிகிரியில் பொறி விழுகிறது என்பதை, உங்கள் எஞ்சினுக்கு ஏற்றபடி எளிதாக மாற்ற முடியும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் வண்டி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஐட்லிங்கில் சூடேறுவது, தொடக்க டைமிங் (எடையும் வேக்யூமும் சேராத அடிப்படை டைமிங்) மிகவும் பின்தங்கியிருக்கிறது என்பதன் வழக்கமான அடையாளம். நெருப்பு தாமதமாக விழுந்தால் எரிதல் முடியும் முன்பே வாயு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். அந்தச் சூடு ஹெட்டில் இறங்கும், ரேடியேட்டர் என்ன செய்தும் ஈடுகொடுக்காது. முழு மிதியில் நாக்கிங் வருவது இதற்கு நேர் எதிரான கோளாறு, டைமிங் அதிகமாக முன்னேறுகிறது. முழுக்க மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வேக்யூம் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் வேக்யூம் கேன்மேல் பழி போட முடியாது. மீதமிருப்பது வேகம் ஏற ஏற விரிந்து டைமிங்கை முன்னேற்றும் எடைகளும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும். உங்கள் வண்டியில் இருப்பது போன்ற பழைய டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகள் எவ்வளவு தூரம் விரியலாம் என்று தடுப்பதற்கு ஒரு ஊசியும் அதன்மேல் சின்ன புஷ்ஷும் இருக்கும். அந்தப் புஷ் தேய்ந்தோ உதிர்ந்தோ போனால் அட்வான்ஸ் பல டிகிரி கூடிவிடும். நாக்கிங்குக்குப் பயந்து யாரோ தொடக்க டைமிங்கைக் குறைத்திருப்பார்கள், அதனால் ஐட்லிங்கில் சூடேறத் தொடங்கியிருக்கும். இரண்டு கோளாறும் ஒரே வேரிலிருந்து வருவதாகவே எனக்குப் படுகிறது.

இதை உறுதி செய்ய டைமிங் லைட்டும் டுவெல் மீட்டரும் போதும். டுவெல் என்பது பாயிண்ட் மூடியிருக்கும் கோணம், இந்த எஞ்சினுக்கு 30 டிகிரி. ஐட்லிங்கில் அளந்துவிட்டு 1500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். 2, 3 டிகிரிக்கு மேல் மாறினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். நீங்கள் சொல்லும் ஆட்டத்தைப் பார்த்தால் மாறத்தான் செய்யும்.

டைமிங் லைட்டை நம்புவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கிராங்க் முன்னால் இருக்கும் ஹார்மானிக் பேலன்சரின் வெளி வளையம் ரப்பரில்தான் ஒட்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த ரப்பர் இறுகி விரிசல் விட்டு, வளையம் நழுவியிருக்கலாம். அப்படியானால் லைட்டில் தெரிகிற 10 டிகிரி உண்மையில் 18 டிகிரியாக இருக்கலாம். பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கையும் கழற்றுங்கள். அந்த ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகி, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றுங்கள். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சப் புள்ளி. பழைய குறி அதோடு பொருந்தாவிட்டால் பேலன்சரை மாற்றுங்கள். புது பேலன்சரும் டைமிங் தகடும் ஒரே காலத்து ஜோடியாக இருக்க வேண்டும். ஷெவர்லே அந்தத் தகட்டின் இடத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றியிருக்கிறது. இதைச் செய்யாமல் எந்த டிஸ்ட்ரிபியூட்டர் போட்டாலும் இருட்டில் அளப்பதுதான்.

இனி அவர்கள் சொன்ன வழிகள்.

எச்இஐ கெட்ட பொருள் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் கொடுத்தது. காயில், மாடியூல், எல்லாம் ஒரே கூட்டுக்குள். 5000 ஆர்பிஎம்முக்கு மேல் பொறி தளர்கிறது என்று குறை சொல்வார்கள், உங்களுக்கு அது பொருட்டே இல்லை. உங்கள் எஞ்சின் உச்சத் திறனைத் தருவதே 4800-இல். பழைய வண்டியிலிருந்து கழற்றிய எச்இஐயில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் அட்வான்ஸ் 1970-களின் நடுவில் வந்த குறைந்த கம்ப்ரெஷன், புகைக் கட்டுப்பாட்டு எஞ்சின்களுக்காக அமைத்தது. உங்களுடையது 10.25 கம்ப்ரெஷன் எஞ்சின். எடை, ஸ்பிரிங், கேன் மூன்றையும் மாற்றாமல் போட்டால் எஞ்சின் உயிரில்லாமல் ஓடும். மூடியும் பெரியது. ஃபயர்வாலுக்கும் ஏர் கிளீனருக்கும் நடுவே நுழைத்துவிடலாம், ஆனால் டைமிங் வைக்கத் திருப்பும்போது வேக்யூம் கேன் எதிலாவது இடிக்கும். பானெட்டைத் திறந்தால் 1969 வண்டி மாதிரித் தெரியாது என்பது என் கண்ணை உறுத்துகிற குறை, உங்களுக்கு அது பரவாயில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மலிவு விலையில் பளபளக்கும் எச்இஐ நகல்கள் ஏராளம். அவற்றை ஒதுக்குங்கள். புத்தம் புதிதிலேயே ஷாஃப்ட் ஆடும். எடைகள் ஊசியில் சிக்கிக்கொண்டு திரும்பாது. ஸ்பிரிங் இவ்வளவுதான் என்ற கணக்கே இருக்காது. பல் சக்கரம் மென்மையாக இருந்து சில ஆயிரம் மைலில் கத்தி முனைபோல் தேயும். எச்இஐ எதை வாங்கினாலும் மூடிக்குள் காயிலின் அடியில் வரும் எர்த் தகட்டையும் கரி பட்டனையும் மறக்காமல் பொருத்துங்கள். தகடு விடுபட்டால் மின்சாரம் வேறு வழி தேடி ரோட்டாரைத் துளைத்து ஷாஃப்டில் இறங்கும். மாடியூலுக்கு அடியில் வெப்பத்தைக் கடத்தும் சிலிக்கான் கிரீஸ் தடவாமல் விட்டாலும் சூடானதும் வண்டி நிற்கும், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். ஆளைக் குழப்புகிற கோளாறு இது.

நண்பர் சொல்லும் 6ஏஎல் பெட்டி தரமான பொருள். 3000 ஆர்பிஎம் வரைக்கும் ஒரே எரிதலுக்குப் பல பொறிகள் கொடுக்கும். பெரிய கேம் போட்டு ஐட்லிங்கில் குலுங்கும் எஞ்சினுக்கும், ரெவ் லிமிட் வேண்டியவர்களுக்கும் அது உதவும். கம்பெனி கேம் வைத்த உங்கள் 396-இல் வித்தியாசம் தெரிவது கடினம். கூடுதல் வயர், பெட்டிக்கு இடம், டாஷ்போர்டு டாக்கோமீட்டர் வேலை செய்ய ஓர் அடாப்டர், இத்தனையும் சேரும். வேண்டுமானால் பிறகும் சேர்க்கலாம், இப்போது அந்தப் பணத்தைப் பேலன்சருக்கும் நல்ல பிளக் வயருக்கும் வையுங்கள்.

வேக்யூம் கேனே இல்லாத, எடைகள் மட்டும் வைத்த ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டரும் கடையில் அழகாகத்தான் இருக்கும். வாங்கவே வாங்காதீர்கள். ஹைவேயில் லேசாக மிதித்து ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்து, மெதுவாக எரிகிறது. அப்போது 46 முதல் 52 டிகிரி வரை முன்னதாகவே பொறி விழ வேண்டும். எடைகள் கொடுப்பது 36 மட்டுமே, மீதியை வேக்யூம்தான் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சூடும் ஏறும்.

பழையதிலேயே மாடியூல் போடும் யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் மாடலுக்குப் பெர்ட்ரானிக்ஸ் கம்பெனியின் மாடியூல், இக்னைட்டர் 1181, பொருந்தும். பாயிண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்த்தலாம், வெளியே எதுவும் தெரியாது. ஆனால் ஆடுகிற ஷாஃப்டின்மேல் எலக்ட்ரானிக்ஸ் போட்டால் ஆட்டம் அப்படியே டைமிங்கில் தெரியும். முதலில் புது புஷ் அடித்து, ஷிம் (இடைவெளியைக் குறைக்கும் மெல்லிய வளையம்) வைத்து, எடைகளைச் சீராக்கி, மெஷினில் சுழற்றிப் பார்த்த பிறகே மாடியூல். அந்த வேலை தெரிந்த கடை கிடைத்தால் செலவு புதியதை நெருங்கும். வண்டியைக் கண்காட்சியில் நிறுத்தி மதிப்பெண் வாங்கும் ஆசை இருந்தால் இதையே செய்யுங்கள். அப்போது மூன்றைக் கவனியுங்கள்: காயிலின் பிரைமரி தடை 1.5 ஓமுக்குக் குறையக்கூடாது. சிவப்பு, கறுப்பு வயர்கள் மாறினால் மாடியூல் அந்த நொடியே போய்விடும். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு ரேடியோ கேட்டால் முதல் தலைமுறை இக்னைட்டர் சூடாகிக் கருகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கும்போது அடிப் பல் சக்கரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். உங்கள் எஞ்சினில் இருப்பது வார்ப்பிரும்பு கேம், தட்டை லிஃப்டர். அதற்கு வார்ப்பிரும்புச் சக்கரம் சரி, கடினமூட்டிய மெலோனைஸ்டு சக்கரமும் சரி. வெண்கலச் சக்கரம் பில்லட் எஃகு ரோலர் கேமுக்கானது, வேகமாகத் தேயும், அதன் தூள் முழுவதும் ஆயிலில் கலக்கும். உங்களுக்கு அது தேவையே இல்லை. பிற்காலத்தில் ரோலர் கேம் போடுவதாக இருந்தால் கேம் விற்பவரிடமே எந்தச் சக்கரம் என்று எழுதி வாங்குங்கள். ஷெவர்லேயில் ஆயில் பம்பைச் சுழற்றுவதும் இதே ஷாஃப்ட்தான். சக்கரம் போனால் பொறியோடு ஆயில் அழுத்தமும் போகும்.

உயரமும் முக்கியம். ஹெட்டையோ மேனிஃபோல்டையோ சீவியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தேவைக்கு மேல் கீழே இறங்கி ஆயில் பம்ப் ஷாஃப்டை அழுத்தும். கேஸ்கெட்டோடு உட்கார்த்தி, கிளாம்ப் போடாமலேயே அடிப்பரப்பு மேனிஃபோல்டில் முழுக்கப் படிகிறதா என்று பாருங்கள். படியாமல் தூக்கி நின்றால் ஒன்று பம்ப் காடியில் நுழையவில்லை, அல்லது உயரம் பொருந்தவில்லை. கிளாம்ப் போல்ட்டை இறுக்கி அதை இறக்க முயன்றால் மேனிஃபோல்டு காது உடையும். உயரத்தில்தான் சிக்கல் என்றால் காலரை நகர்த்தி வைக்கும் வகை டிஸ்ட்ரிபியூட்டர் கிடைக்கிறது. ஷாஃப்ட் மேலும் கீழும் நகரும் இடைவெளி 0.015 முதல் 0.030 அங்குலத்துக்குள் இருக்கட்டும். அதிகமாக இருந்தால் ஷாஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் சாய்ந்த பற்களின் வழியாக டைமிங் அலையும்.

அடுத்தது அட்வான்ஸ் அமைப்பு. புது எம்எஸ்டி பெட்டியிலிருந்து வரும்போது இரண்டு கனத்த வெள்ளி ஸ்பிரிங்குகளும் நீலத் தடுப்புப் புஷ்ஷும் பூட்டியிருக்கும். எந்த எஞ்சினையும் கெடுக்காத மிக மெதுவான அமைப்பு அது. அப்படியே விட்டால் சாலையில் ஓட்டும் வேகத்தில் முழு அட்வான்ஸ் வரவே வராது. உதிரியாகக் கொடுக்கும் பையில் மற்ற ஸ்பிரிங்குகளும் புஷ்களும் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் 'புது டிஸ்ட்ரிபியூட்டரில் பிக்கப்பே இல்லை' என்று புலம்புவார்கள். புஷ்ஷின் நிறம் எடைகள் கொடுக்கும் அதிகபட்ச அட்வான்ஸைச் சொல்கிறது. கிராங்க் டிகிரியில் சிவப்பு 28, வெள்ளி 25, நீலம் 21, கறுப்பு 18.

உங்களுக்கு நான் வைப்பது வெள்ளிப் புஷ். தொடக்கம் 10 அல்லது 11, அதோடு 25 சேர்ந்தால் 35, 36. மூடிய அறை ஹெட் வைத்த 396-க்கு, 93 ஆக்டேன் பெட்ரோலில், இது நல்ல ஆரம்பப் புள்ளி. நீலப் புஷ்ஷோடு 15 தொடக்கம் வைத்தாலும் கூட்டுத்தொகை அதேதான், ஐட்லிங் இன்னும் குளிர்ச்சியாகும். ஆனால் டெக்சாஸ் வெயிலில் ஓடி நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றும். முதலில் வெள்ளியைப் போடுங்கள். சூட்டில் ஸ்டார்ட்டிங் தடையில்லை என்றால் நீலத்துக்குப் போகலாம்.

ஸ்பிரிங்குக்கு இரண்டு இளநீலத்தில் தொடங்குங்கள். வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டோடு எஞ்சினை மெதுவாக ஏற்றுங்கள். எந்த ஆர்பிஎம்மில் டைமிங் மேலே ஏறாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2800 முதல் 3000-க்குள் நின்றால் சரி. 3300-ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு இளநீலத்தை எடுத்துவிட்டு மெல்லிய வெள்ளி ஸ்பிரிங் போடுங்கள். இரண்டுமே மெல்லிய வெள்ளி வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் அதன் தொல்லை உடனே தெரியும். நியூட்ரலில் 750-இல் ஓடும்போதே எடைகள் விரியத் தொடங்கும், டிரைவில் போட்டதும் ஆர்பிஎம் இறங்கும், அதோடு டைமிங்கும் இறங்கும், டைமிங் இறங்கியதால் ஆர்பிஎம் இன்னும் சரியும், எஞ்சின் நின்றுவிடும். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி அதைப் பிரித்து மேய்வார்கள். நியூட்ரலிலும் டிரைவிலும் ஐட்லிங் அட்வான்ஸ் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

முழு மிதியில் இன்னும் நாக்கிங் கேட்டால், எந்த வேகத்தில் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். 2000-ஐ ஒட்டிக் கேட்டு மேலே போனதும் மறைந்தால் அட்வான்ஸ் சீக்கிரம் வருகிறது, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கனமாக்குங்கள். மேல் வேகத்திலும் கேட்டால் கூட்டுத்தொகையை 2 டிகிரி குறையுங்கள். லேசாக மிதித்துச் சமவெளியில் போகும்போது மட்டும் கேட்டால் எடையைத் தொடாதீர்கள், அது வேக்யூம் கேனின் வேலை.

அந்தக் கேனுக்கு இரண்டு அளவுகள் தெரிய வேண்டும்: எத்தனை டிகிரி கொடுக்கிறது, எந்த வேக்யூமில் முழுக்க இழுக்கிறது. கையால் அழுத்தும் வேக்யூம் பம்பைக் கேனில் மாட்டி, எஞ்சின் ஓட, லைட்டில் பாருங்கள். கிராங்க் டிகிரியில் 10 முதல் 16 வரை கொடுப்பது நல்லது. அடுத்து வேக்யூம் மீட்டரை மேனிஃபோல்டில் மாட்டி, டிரைவில், பிரேக்கை அழுத்தி, ஏசி இருந்தால் அதையும் ஓடவிட்டு அளவெடுங்கள். உதாரணமாக மீட்டர் 15 அங்குலம் காட்டினால், கேன் 13 அங்குலத்திலேயே முழுதாக இழுத்திருக்க வேண்டும். அந்த 2 அங்குல இடைவெளி இல்லாவிட்டால் கேன் பாதியில் நடுங்கி ஐட்லிங்கை ஆட்டும். ஆலன் கீயால் சரிசெய்யும் கேன்களும் விற்கிறார்கள். அந்தத் திருகு மாற்றுவது கேன் எப்போது இழுக்கத் தொடங்கும் என்பதைத்தான். எத்தனை டிகிரி என்பதைக் குறைக்கத் தனியாகத் தடுப்புத் தகடு வேண்டும். திருகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் லைட்டில் எண் மாறவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

குழாயை மேனிஃபோல்டு வேக்யூமில் மாட்டுவதா, கார்புரேட்டரின் த்ராட்டிலுக்கு மேலுள்ள துளையில் மாட்டுவதா என்று சண்டையே நடக்கிறது. உங்கள் வண்டி ஐட்லிங்கில் சூடாகிறது என்பதால் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். ஐட்லிங்கிலேயே 20-க்கு மேல் அட்வான்ஸ் கிடைக்கும், சூடு குறையும். மாட்டிய பின் ஆர்பிஎம் ஏறும், ஐட்லிங் திருகைக் குறைத்து, கலவைத் திருகுகளை மறுபடி வையுங்கள். தொடக்க டைமிங்கை அளப்பது எப்போதும் குழாயைக் கழற்றி அடைத்த பிறகுதான்.

வயரிங்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வண்டியில் ஃபயர்வாலிலிருந்து காயிலின் பாசிட்டிவுக்கு வரும் துணி சுற்றிய வயர் சாதாரண வயர் அல்ல, தடை வயர். பாயிண்ட் கருகாமல் இருக்கக் காயிலுக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் சாலினாய்டிலிருந்து ஒரு மஞ்சள் வயர் வழியாக முழு வோல்ட் வரும். புது டிஸ்ட்ரிபியூட்டரை இந்த வயரிலேயே இணைத்தால் வண்டி டக்கென்று ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கும் இருக்கும். ஆனால் சுமை ஏறியதும் மிஸ்ஃபயர் அடிக்கும். எச்இஐக்கும் இதே கதைதான். மாடியூல் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்றாவது மாடியூல் வாங்கும் அளவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஹார்னெஸ்ஸை வெட்டாமல் முழு 12 வோல்ட் எடுக்க ஒரு ரிலே போதும். தடை வயரை ரிலேயின் 86 என்று எண் போட்ட முனையில் மாட்டுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள். ரிலே காயில் இழுப்பது மிகச் சின்ன கரண்ட், அதனால் தடை வயரில் வோல்ட் பெரிதாகக் குறையாது. 30-க்கு ஹார்ன் ரிலேயிலுள்ள மெயின் சப்ளை முனையிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸோடு 12 கேஜ் வயர், 87-இலிருந்து காயில் பாசிட்டிவுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் சிவப்பு வயருக்கும். ஆரஞ்சு வயர் காயில் நெகட்டிவுக்கு, கறுப்பு நல்ல எர்த்துக்கு. பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் எடுக்காதீர்கள். மஞ்சள் வயர் பழைய இணைப்பிலேயே இருக்கட்டும், ஸ்டார்ட்டிங்கின்போதும் ரிலே விழாமல் பிடித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது காயில் பாசிட்டிவில் அளந்தால் பேட்டரி வோல்டேஜுக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. டாக்கோமீட்டர் வயர் காயில் நெகட்டிவில் பழையபடியே இருக்கலாம், பெட்டி வைக்காததன் லாபம் அது. பழைய காயிலை இதில் பயன்படுத்த வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் தயாரிப்பாளர் சொல்லும் காயிலை வாங்குங்கள். எம்எஸ்டியின் பிளாஸ்டர் 2 காயிலின் பிரைமரி தடை 0.7 ஓம். அதைப் பாயிண்டோடு தடையில்லாமல் போட்டால் பாயிண்ட் கருகும், ஆகவே ஒருநாள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்பப் போடும்போது பழைய காயிலையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு ரிலேயைக் கூடவே வண்டியில் வைத்திருங்கள்.

பூட்டும் வேலை அரை நாள். பேட்டரியைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டரை, அதாவது டிரைவர் பக்கம் முன்னால் இருப்பதை, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் கொண்டுவந்து பேலன்சர் குறியை 10 டிகிரியில் நிறுத்துங்கள். பிளக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு சுற்றினால் காற்று தள்ளும்போது தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் நிறுத்திவிட்டால் எல்லாம் 180 டிகிரி மாறி, கார்புரேட்டர் வழியாக நெருப்பு கக்கும். பழைய ரோட்டார் எங்கே பார்க்கிறது என்று ஃபயர்வாலில் குறித்து, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு வெளியே தூக்குங்கள். ஓட்டைக்குள் எதுவும் விழாமல் துணியால் மூடுங்கள்.

புதியதன் பல் சக்கரத்தில் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். பற்கள் சாய்வாக இருப்பதால் இறங்கும்போது ரோட்டார் தானாகத் திரும்பும். அதைக் கணக்கிட்டுக் கொஞ்சம் முன்னதாகவே வைத்து இறக்க வேண்டும். சக்கரத்தில் 13 பற்கள். ஒரு பல் தவறினால் ரோட்டார் 27 டிகிரிக்கு மேல் விலகும், டைமிங் வைக்கத் திருப்பும்போது கேன் மேனிஃபோல்டில் இடிக்கும். கடைசிக் கால் அங்குலம் இறங்கவில்லை என்றால் ஆயில் பம்ப் காடி நேராக இல்லை என்று பொருள். நீளமான ஸ்குரூடிரைவரால் பம்ப் ஷாஃப்டைச் சற்றுத் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள். கிளாம்ப் போல்ட்டைக் கையால் திருப்ப முடிகிற அளவுக்கு விட்டு, டைமிங் வைத்த பிறகு சுமார் 20 அடி-பவுண்டில் இறுக்குங்கள்.

ரோட்டார் மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றும். வரிசை 1-8-4-3-6-5-7-2. பழைய பிளக் வயர் இதில் பொருந்தாது. பழைய மூடியில் வயர் குழிக்குள் நுழையும், புதியதில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் மாட்ட வேண்டும். ஆகவே வயர் செட்டையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள், தடை உள்ள ஸ்பைரல் வகை வேண்டும். உலோகக் கம்பி வயர் கிளப்பும் மின் இரைச்சல் மாடியூலைக் குழப்பி மிஸ்ஃபயர் கொடுக்கும். பிளக் இடைவெளி பாயிண்டுக்கு 0.035 அங்குலமாக இருந்திருக்கும், இதற்கு 0.040 முதல் 0.045 வரை வைக்கலாம்.

வயர் ஓட்டும்போது 5-ஆம் சிலிண்டரையும் 7-ஆம் சிலிண்டரையும் கவனியுங்கள். இரண்டும் டிரைவர் பக்கம் அடுத்தடுத்து இருப்பவை, எரிவதும் அடுத்தடுத்து. இரண்டு வயர்களையும் ஒட்டி இணையாக ஓடவிட்டால் 5-இல் பாயும் மின்சாரம் 7-இலும் பொறியைத் தூண்டும். அப்போது 7-இல் பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத நாக்கிங் இது. டைமிங்கை எவ்வளவு குறைத்தாலும் போகாது, விட்டால் பிஸ்டனையே உடைக்கும். ஹோல்டரில் இரண்டுக்கும் நடுவே வேறொரு வயரை ஓட்டுங்கள், முடியாத இடத்தில் குறுக்காகக் கடக்க விடுங்கள்.

500 மைல் ஓடிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை ஒருமுறை வெளியே எடுத்துப் பல் சக்கரத்தைப் பாருங்கள். பற்களின் நடுவில் சீரான பளபளப்பு இருந்தால் நல்லது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் உயரத்தையும் ஷிம்மையும் மறுபடி அளக்க வேண்டும், பல்லின் நுனி கூர்மையாகிவிட்டால் சக்கரத்தை உடனே மாற்றி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கேனை ஆர்டர் செய்வதற்கு முன் டிரைவில் உங்கள் ஐட்லிங் வேக்யூம் எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். கடிதத்தில் அந்த எண் இல்லை, அது தெரிந்தால்தான் கேனைத் தேர்ந்தெடுக்க முடியும்.